'எ ஸ்டார்ம் இஸ் ப்ரூயிங்' என்றால் புயல் வருகிறது என்றா எழுதுவது?

செவ்வரளி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

எங்கள் ஊர்க் கோவில் சங்கத்திலிருந்து உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் போனது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். வயதானவர்களுக்காகத் தமிழிலும் வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். தைப்பூசக் காவடியன்று அன்னதானத்தை யார் நடத்துவது என்பதில் இரண்டு பக்கத்தாருக்கும் பேச்சு தடித்திருந்த நேரம் அது. கடிதத்தில் ஒரு வரி, 'எ ஸ்டார்ம் இஸ் ப்ரூயிங்' என்று இருந்தது. நான் யோசிக்காமல், 'காவடியை ஒட்டி ஒரு புயல் உருவாகி வருகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு பாட்டி கூப்பிட்டார். எனக்குச் சொந்தமில்லை. சின்ன வயதிலிருந்து பாட்டி என்றே கூப்பிட்டுப் பழக்கம். 1960-ல் கரோல் புயல் அடித்தபோது அவருக்கு எட்டு வயது. தகரக் கூரை பறந்துபோய், குடும்பமே ஒரு மேசைக்கு அடியில் ராத்திரி முழுக்க நனைந்துகொண்டு கிடந்ததை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி, "கிளாஸ் எத்தனை போட்டிருக்காங்க? ரேடியோவில ஒண்ணும் சொல்லலையே?" (கிளாஸ் என்பது இங்கே புயல் எச்சரிக்கையின் படி.) அதற்குள் மெழுகுவத்தி, அரிசி, குடத்தில் தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். பேரனை விட்டு ஜன்னலுக்குப் பலகை அடிக்கவும் சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உடனே அவர் வீட்டுக்குப் போய் விளக்கம் சொன்னேன். ஆனால் அந்த வரிக்கு நான் வேறு என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் இந்தத் தொடரை எங்கே எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? தமிழில் இதற்கு நம்முடைய சொல் என்ன? மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தவள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்கே கை நடுங்குகிறது. உதவுங்கள்.


எபேன் நண்பன் எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணத்தான். எபேனில் கணினி வேலை. எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் இதற்கு 'முறுகல் நிலை' என்றுதான் எழுதுவார்கள். 'இரு தரப்புக்கும் இடையே முறுகல் நிலை தோன்றியுள்ளது.' அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.


செவ்வரளி எழுதியது:

தம்பி, நல்ல சொல். ஆனால் இங்கே கோவிலுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு முறுகல் என்றால் தோசையைத் தவிர வேறு ஞாபகம் வரும்? நான் கேட்பது பாட்டிக்குப் புரியும் சொல்.


மோக்கா மலை எழுதியது:

அம்மா செவ்வரளி, முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துவிடுவோம். நான் பள்ளியில் ஆங்கிலமும் தமிழும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன்.

'ப்ரூ' என்ற வினை பீர் காய்ச்சுவதிலிருந்து வருகிறது. தானியத்தை ஊற வைத்து, காய்ச்சி, மூடி வைத்துவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே பொங்கிக்கொண்டிருக்கும். அந்த எண்ணத்தை வானத்துக்கும் ஏற்றினார்கள், மனிதர்களின் சச்சரவுக்கும் ஏற்றினார்கள். இரண்டு பயனும் ஷேக்ஸ்பியரிடமே இருக்கின்றன. 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் திரிங்குலோ என்ற பாத்திரம் இன்னொரு புயல் உருவாகிறது, காற்றில் அது பாடுவது கேட்கிறது என்கிறான். அது நிஜமான புயல். 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் ஷைலாக், ராத்திரி பணப்பைகளைக் கனவில் கண்டேன், எனக்கு ஏதோ கெடுதல் உருவாகிறது என்கிறான். அங்கே புயல் இல்லை, வினை மட்டும் அதேதான்.

எங்கே பயன்படுத்துவார்கள் என்று கேட்டாய். நம் ஊர் வழக்கில் சொல்கிறேன், உனக்கு உடனே பிடிபடும். நம் வானிலை நிலையம் கிளாஸ் ஒன்று என்று அறிவிப்பது புயல் காற்று நம்மை எட்டக்கூடிய நேரத்துக்கு 36 முதல் 48 மணி நேரம் முன்னால். கிளாஸ் நான்கு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று ஏற்கெனவே வீசிவிட்டது என்று பொருள். 'ஸ்டார்ம் இஸ் ப்ரூயிங்' என்பது கிளாஸ் ஒன்று, இரண்டு இருக்கும்போது சொல்வது. அறிகுறி தெரிகிறது, ஆனால் இன்னும் யாரும் யாரையும் அடிக்கவில்லை, வழக்குப் போடவில்லை. சண்டை நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சொன்னால் ஆங்கிலம் தெரிந்தவனுக்கு உறுத்தும். அப்போது 'தி ஸ்டார்ம் ப்ரோக்', புயல் வெடித்துவிட்டது என்பான்.

'புயலுக்கு முன் அமைதி' என்று தமிழில் எல்லோரும் எழுதுகிறார்களே, அது வேறு தொடர். அதில் அறிகுறியே இல்லை. எல்லாம் சாந்தமாக இருக்கிறது, அந்தச் சாந்தமே சந்தேகத்துக்கு உரியது என்று பொருள். மாணவர்கள் இரண்டையும் மாற்றிப் போடுவார்கள். உங்கள் கோவிலில் ஏற்கெனவே பேச்சு தடித்துவிட்டது என்கிறாய். ஆகவே அங்கே அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை.


வாக்குவா மழை எழுதியது:

ஐயா சொன்ன அந்த 'புயலுக்கு முன் அமைதி' பற்றி ஒன்று. நான் புவியியல் மாணவன், வீடு வாக்குவாவில், வானிலை நிலையம் இருக்கும் ஊரிலேயே.

அது வெறும் உவமை இல்லை, பல தடவை நிஜம். புயலின் நடுப் பகுதியில் மேலே ஏறும் காற்று வெளி ஓரங்களில் கீழே இறங்கும். இறங்கும் காற்று சூடாகும், மேகம் கட்டாது. அதனால் புயல் தூரத்தில் இருக்கும்போது வானம் பளிச்சென்று இருக்கும், வெயில் கொளுத்தும், இலை அசையாது. நமக்கு வருஷம் முழுக்க வீசும் தென்கிழக்குக் காற்று திடீரென்று நின்றாலே என் தாத்தா வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு அமைதியும் உண்டு, அதுதான் ஆபத்தானது. புயலின் கண் மேலே வரும்போது காற்று அடங்கும். கரோலின் கண் நம் தீவின் மேலேயே கடந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்தவர்கள் எதிர்த் திசையிலிருந்து வந்த காற்றில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் புயலில் பதிவான காற்று மணிக்கு 256 கிலோமீட்டர். பாட்டி பலகை அடித்ததில் எந்தத் தப்பும் இல்லை அக்கா.

2024 ஜனவரி 15, பெலால் புயல் வந்த நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போனவர்கள் போர் லூயியில் வெள்ளத்தில் சிக்கினார்கள், கார்கள் மிதந்தன. அந்த மாதத்தில் 'புயல்' என்று ஒரு தாளில் எழுத்தில் வந்தால் யார்தான் உவமை என்று நினைப்பார்கள்?


கொண்டல் எழுதியது:

நான் நாகப்பட்டினத்துக்காரன். போர் லூயி துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. எங்கள் ஊரிலும் இதே கதிதான். கடலோரத்துக்காரன் புயல் என்றால் புயல் என்றுதான் எடுத்துக்கொள்வான். எங்களுக்கு கிளாஸ் கிடையாது, கூண்டு. துறைமுகத்தில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பத்து என்றால் பெரிய அபாயம். பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

எங்கள் தெருவில் சண்டை வரப்போகிறது என்றால் புயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "அவங்களுக்குள்ள ஏதோ புகையுது" என்பார்கள். ரொம்ப நாள் பகை என்றால் "நீறு பூத்த நெருப்பு மாதிரி கெடக்கு". ஒருத்தன் நடுவில் புகுந்து ஏற்றிவிட்டால் "கொளுத்திப் போட்டுட்டான்". எல்லாம் நெருப்புதான். காற்று வந்தால்கூட ஊதிவிடுகிற காற்றாகத்தான் வரும்.


செவ்வரளி எழுதியது:

கொண்டல் அண்ணா, இதைப் படித்ததும் எனக்கு மின்னல் வெட்டியது போல இருந்தது. புகைச்சல், கனல், நீறு, கொளுத்திப் போடுவது, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது, ஊதிப் பெரிதாக்குவது. உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். சண்டை வருவதற்கு முன்னால் சொல்லும் சொற்களில் பாதிக்கு மேல் அடுப்படியிலிருந்து வந்தவை.

மீதியும் புயல் இல்லை. வரிந்து கட்டுவது, தொடை தட்டுவது, மல்லுக்கு நிற்பது எல்லாம் மல்யுத்தம். கொம்பு சீவி விடுவது மாட்டிலிருந்து வந்தது. சிண்டு முடிந்துவிடுவது குடுமி வைத்திருந்த காலத்தது.

அப்படியென்றால் 'அரசியலில் புயல்', 'புயலைக் கிளப்பிய பேச்சு' என்று பத்திரிகைகளில் வருவதெல்லாம் எங்கிருந்து வந்தது?


மோக்கா மலை எழுதியது:

ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். இப்போது தமிழாகவே ஆகிவிட்டது, அதை விரட்ட வேண்டியதில்லை. ஆனால் புயல் என்ற சொல்லே பழைய தமிழில் பயமுறுத்துகிற சொல் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

'ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்.' குறள் 14, வான்சிறப்பு அதிகாரம். மழை என்ற வருவாய் குறைந்தால் உழவர் ஏர் ஓட்ட மாட்டார்கள் என்கிறார். அங்கே புயல் என்றால் மழை. சோறு போடுகிற மழை. பழைய இலக்கியத்தில் மேகத்துக்கும் அதே சொல். அடித்து நொறுக்குகிற காற்றுக்குச் சூறை, சூறாவளி என்று வேறு சொற்கள் இருந்தன. புயல் வருகிறது என்று ஒரு பழைய புலவரிடம் போய்ச் சொன்னால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். (கரும்புத் தோட்டத்தில் பிறந்த எனக்கும், காற்றில்லாத மழை என்றால் சந்தோஷம்தான்.)

நெருப்பைப் பற்றிக் கொண்டல் சொன்னதற்கும் குறளில் சான்று இருக்கிறது. 'வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால் தீயெச்சம் போலத் தெறும்.' குறள் 674. செய்து முடிக்காத வேலையின் மிச்சமும், தீர்க்காத பகையின் மிச்சமும், அணைக்காத தீயின் மிச்சம் போலச் சுட்டுவிடும். நீறு பூத்த நெருப்பு என்று நாகப்பட்டினத்துத் தெருவில் சொல்வதும் இதுவும் ஒன்றேதான்.


சென் தெனி மகள் எழுதியது:

பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பெரியவளான பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். நாங்கள் வீட்டில் கிரியோல், வெளியே பிரெஞ்சு.

பிரெஞ்சிலும் புயல் உண்டு. 'இல் யா த லோராஜ் தான் லேர்' என்பார்கள். காற்றில் இடிமழை இருக்கிறது, அதாவது சண்டை வரப்போகிறது. ஆனால் வீட்டுச் சண்டைக்கு எங்களுக்குப் பிடித்தது இன்னொன்று. 'இல் யா த லோ தான் ல காஸ்', கேஸில் தண்ணீர் கலந்துவிட்டது. அடுப்பு சரியாக எரியாமல் படபடவென்று துள்ளும். புருஷன் பெண்டாட்டிக்குள், கூட்டாளிகளுக்குள் ஏதோ சரியில்லை என்றால் அப்படிச் சொல்வோம்.

எங்களுக்குப் புயல் எச்சரிக்கை நிறத்தில் வரும். ஆரஞ்சு, சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஊதா. பெலால் அன்று எங்களுக்கு ஊதா போட்டார்கள். அந்த நிறத்தைக் கேட்டாலே இப்போதும் வயிறு கலங்குகிறது. பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


கொண்டல் எழுதியது:

கேஸில் தண்ணீர்! அதுவும் அடுப்படிதான் பாருங்கள்.

ஐயா, அந்த 'ப்ரூ' பற்றி ஒன்று விட்டுப்போனது. எங்கள் பக்கம் அதற்கு நேரான சொல் இருக்கிறது, 'ஊறல்'. கள்ளச் சாராயம் காய்ச்ச வெல்லத்தையும் பட்டையையும் பானையில் போட்டுப் புதைத்து வைப்பதை ஊறல் போடுவது என்பார்கள். வெளியே தெரியாது, உள்ளே நுரைத்துக்கொண்டிருக்கும். பகையையும் அப்படிச் சொல்வது உண்டு. 'மனசுக்குள்ளயே ஊறிப்போன பகை.' ஆனால் அது பழைய பகைக்குத்தான் சரிவரும். நாளைக்கு வரப்போகிற சண்டைக்கு ஊறுகிறது என்று சொல்ல முடியாது.


எபேன் நண்பன் எழுதியது:

நான் ஒரு மறுப்பு சொல்லலாமா? நீங்கள் எல்லோரும் நெருப்பைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவர் ஏன் புயல் என்று எழுதினார் என்று யோசித்தீர்களா?

புயலுக்கு யாரும் பொறுப்பில்லை. அது கடலில் உருவாகிறது, வருகிறது, போகிறது. 'புகைகிறது' என்று சொன்னால் உடனே யார் பற்ற வைத்தது என்ற கேள்வி வரும். நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். சங்கத்துக்காரர் இரண்டு பக்கத்தையும் குற்றம் சொல்லாமல், எல்லோரும் கவனமாக இருங்கள் என்று சொல்ல நினைத்திருக்கலாம். சண்டையின் வாசலில் நிற்கும் ஊரில் ஒரு சொல் எத்தனை பேரைக் கொல்லும் என்பது எங்கள் நாட்டுக்காரருக்குத் தெரியும். யாரையும் சுட்டாத சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள்.


செவ்வரளி எழுதியது:

தம்பி, இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். கடிதம் எழுதியவர் சாந்தமானவர்.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். யாரும் பொறுப்பில்லை என்று சொன்னால் யாரும் அணைக்கவும் போவதில்லை. புயலுக்கு நாம் என்ன செய்வோம்? ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே உட்காருவோம், போகட்டும் என்று காத்திருப்போம். அன்னதானச் சண்டையில் எங்கள் ஊர்க்காரர்கள் செய்தது சரியாக அதுதான். இரண்டு வாரம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்களே அடித்துக்கொள்ளட்டும் என்று இருந்தோம். தீ என்றால் அப்படி இருப்போமா? பக்கத்து வீட்டில் புகை வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டோமா? ஒரு சொல் மனிதர்களை உட்கார வைக்கிறது, இன்னொரு சொல் எழுப்பிவிடுகிறது. எனக்கு எழுப்பிவிடுகிற சொல்தான் வேண்டும்.


மோக்கா மலை எழுதியது:

இந்த இடத்தில் நம் தீவின் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

1998 நவம்பரில் புது ரூபாய் நோட்டுகள் வந்தன. அதுவரை நோட்டில் ஆங்கிலம், அதன் கீழே தமிழ், அதன் கீழே இந்தி என்ற வரிசை இருந்தது. மக்கள் இந்தத் தீவுக்கு வந்த வரிசை அது என்பது நம்மவர்களின் வாதம். லா பூர்தொனே ஆளுநராக இருந்த பிரெஞ்சுக் காலத்திலேயே, ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு நூறு வருஷம் முன்னால், புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்கள் இங்கே வந்தவர்கள். புது நோட்டில் இந்தி மேலே போய்த் தமிழ் கீழே வந்தது. நூறு ரூபாய் நோட்டில் ரங்கநாதன் சீனிவாசன் படம், தமிழர் படம், ஆனால் எழுத்து ஒரு வரி கீழே.

அந்த வாரங்களில் நான் வகுப்பில் நின்றுகொண்டிருந்தவன். பிள்ளைகள் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "சார், நம்மை ஏன் இறக்கினாங்க?" என்று கேட்டார்கள். தமிழர்கள் கொதித்தார்கள். கோவில்களில், சங்கங்களில், தெருவில் அதே பேச்சு. கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-ல் பழைய வரிசையில் புதிதாக அச்சிட்டார்கள். ஒரு நாட்டின் பண நோட்டு ஒரு வரிக்காகத் திரும்பப் போனது.

அதைப் புயல் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடந்து போகும் என்று சிலர் அப்போதே சொன்னார்கள். கடந்து போயிருக்காது. அது 674-ஆம் குறளின் மிச்சமாகத் தங்கியிருக்கும், இந்தி பேசும் அண்டை வீட்டாருக்கும் நமக்கும் நடுவில் கனன்றுகொண்டே இருந்திருக்கும். தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று காட்ட முடிந்ததால், அந்த இடத்தில் திருத்த முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரோடு நமக்குச் சண்டை இல்லை என்பதும் தெளிவாயிற்று.

எபேன் தம்பி சொன்ன எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். அவர் பார்த்த நெருப்பு நாம் பார்த்திராதது. ஆனால் யாரையும் சுட்டாமல், அதே சமயம் நெருப்பு என்பதையும் மறைக்காமல் சொல்ல ஒரு வழி தமிழில் இருக்கிறது என்று தோன்றுகிறது. சொல் நாக்கு நுனியில் நிற்கிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.


வாக்குவா மழை எழுதியது:

'போர் மூளும் அபாயம்' என்று செய்தியில் வருமே ஐயா, அதுவா?


மோக்கா மலை எழுதியது:

அதேதான்! மகனே, நீ நன்றாக இரு.

மூள்வது என்றால் தீ பற்றிக்கொள்வது. 'தீ மூண்டது', 'சினம் மூண்டது', 'போர் மூண்டது.' மூன்றுக்கும் ஒரே வினை. தினமும் செய்தியில் கேட்கிறோம், அது அடுப்புச் சொல் என்பதே மறந்துவிட்டது. 'கலவரம் மூளும்', 'சண்டை மூளும் போலிருக்கிறது' என்றால் வரப்போகிறது, இன்னும் வரவில்லை. ஆங்கிலத்தின் கிளாஸ் ஒன்று, இரண்டு அப்படியே வந்துவிடுகிறது.

இதன் அழகு இதன் ஜோடியில் இருக்கிறது. மூள் என்பது தன்வினை, மூட்டு என்பது பிறவினை. 'சண்டை மூண்டது' என்றால் யாரையும் சுட்டவில்லை. 'சண்டை மூட்டினான்' என்றால் ஆளைக் காட்டுகிறோம். தம்பி கேட்ட நாகரிகம் முதல் சொல்லில் இருக்கிறது. செவ்வரளி கேட்ட பொறுப்பு இரண்டாவது சொல்லில் காத்துக்கொண்டிருக்கிறது. முதலைச் சொன்னவுடனே கேட்பவர் காதில் இரண்டாவதும் ஒலிக்கும். புயலுக்கு அப்படி ஒரு ஜோடி கிடையாது. 'புயல் உருவாகிறது' என்பதற்குப் பக்கத்தில் 'புயலை உருவாக்கினான்' என்று வைத்துப் பாருங்கள், பேச்சு வழக்கில் அது ஒட்டாது.


எபேன் நண்பன் எழுதியது:

ஐயா, ஒத்துக்கொள்கிறேன். முறுகலையும் அடுப்படிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோசை முறுகுவதும் அதே சூட்டில்தானே. கருகுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வருவது முறுகல். எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு இப்போதுதான் எனக்கே அர்த்தம் தெரிகிறது.


சென் தெனி மகள் எழுதியது:

மூள், மூட்டு. இரண்டையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். 'அடுப்பு மூட்டு' என்று என் பூட்டி சொல்வார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் மிஞ்சிய சில தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. அதே சொல் போருக்கும் வரும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.


கொண்டல் எழுதியது:

ஒரு நடைமுறை விஷயம் சொல்லிவிடுகிறேன். புயல் உவமையை முழுக்க விட்டுவிட வேண்டாம். உள்நாட்டுக்காரனுக்கு, வெயில் காலத்தில், பத்திரிகைத் தலைப்பில் போட்டால் ஒன்றும் ஆகாது. கடலோரத்தில், புயல் மாதத்தில், அறிவிப்புத் தாளில் மட்டும் எழுதாதீர்கள். இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை, எங்கள் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் அந்தச் சொல் வானிலை நிலையத்துக்குச் சொந்தம். கடலுக்குப் போகிறவன் உயிர் அந்தச் சொல்லை நம்பித்தான் இருக்கிறது. உவமையாகச் சொல்லிச் சொல்லி அதை மழுங்கடித்துவிட்டால், நிஜமாகக் கூண்டு ஏற்றும் நாளில் ஒருத்தன் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.


செவ்வரளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொண்டல் அண்ணா சொன்னதை என் வகுப்பிலும் சொல்லப் போகிறேன்.

நேற்று சங்கத்தில் கேட்டு, திருத்திய தாள் ஒன்றைப் பலகையில் ஒட்ட அனுமதி வாங்கினேன். வரி இப்படி: 'காவடி அன்னதானத்தை முன்னிட்டு நம்மிடையே சண்டை மூளும் போல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்ததும் எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்து பேசுவோம்.' இரண்டாவது வாக்கியம் ஆங்கிலக் கடிதத்தில் கிடையாது. அதை நான் கேட்டுச் சேர்த்தேன். எழுதியவர் மறுக்கவில்லை, 'இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன்' என்றார்.

பாட்டி வீட்டுக்குப் போய்த் திருத்திய வரியைப் படித்துக் காட்டினேன். ஜன்னல் பலகையை இன்னும் கழற்றவில்லை, மார்ச் வரைக்கும் இருக்கட்டும் என்கிறார். வரியைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மூட்டினது யாரு?" என்று கேட்டார்.

இரண்டு பக்கத்துப் பெயரையும் சொன்னேன். ஒன்றில் அவர் அண்ணன் மகன் இருக்கிறான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்துக் கொடுத்து, "அவனைக் கூப்பிட்டு என்கிட்ட குடு" என்றார்.